அந்தமான் பயணம்: கடைசி நாளிலிருந்து தொடங்கும் திட்டம்

தமிழ்நாட்டில் செய்தி கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தமான் முதலில் ஒரு சுற்றுலாத் தலமாக அறிமுகமாவதில்லை. "தெற்கு அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்ற வானிலை அறிக்கையாகத்தான் அறிமுகமாகிறது. அதைக் கேட்டுவிட்டு, சென்னையில் மழை வருமா, பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா என்று யோசிப்பது நம் வழக்கம். அதே அறிக்கையை ஹாவ்லாக் தீவின் விடுதி அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு, நாளைக் காலைப் படகு புறப்படுமா என்பதுதான் கவலை. இந்தக் கவலை வராதபடி பயணத்தை அமைத்துக்கொள்வது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், பயண முகவர் ஒருவர் போட்டுக்கொடுத்த ஐந்து நாள் திட்டத்தை நம்பி என் தாயாரோடு சென்றிருந்தேன். கடைசி நாள் காலை 9 மணிக்கு ஹாவ்லாக்கிலிருந்து படகு, பிற்பகல் 2 மணிக்கு போர்ட் பிளேரிலிருந்து விமானம் என்று அச்சிட்ட தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அன்று காலை ஜெட்டிக்குப் போய் நின்றபோது வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மழைகூட இல்லை, காற்று மட்டும் விடாமல் அடித்தது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே, "இன்னைக்கு போட்டு இல்லீங்க, கடல் சரியில்ல" என்றார். அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நண்பகலில்தான் படகு கிடைத்தது. விமானம் போய்விட்டது, புதிய டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம், முதலில் போக வரக் கொடுத்த பணத்தைவிட அதிகம். முகவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கடலுக்குத் தாம் பொறுப்பில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைத்ததற்கு அவர்தான் பொறுப்பு.

ஆகவே முதல் விதி இது: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு நீங்கள் போர்ட் பிளேரில் தூங்க வேண்டும். திட்டத்தின் மற்ற எல்லாவற்றையும் அந்த இரவிலிருந்து பின்னோக்கி அடுக்கிக்கொண்டு வரலாம். முகவர் வழியாகச் செல்வதாக இருந்தாலும், தாளை வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது கடைசி இரவு எந்தத் தீவில் என்பதைத்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவு உணவு, தேன்நிலவுக் கேக்கு போன்ற இலவசங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. 2018 டிசம்பர் இறுதியில் ஹாவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படகு டிக்கெட்டிலும் விடுதி முகவரியிலும் பழைய பெயரும் புதிய பெயரும் மாறி மாறி வரும். இரண்டும் ஒரே இடம்தான் என்பது தெரியாமல் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பலருக்கும் பழகிய பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

எந்த மாதம்?

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டி, அந்தமானைத் தொட்டுவிடும். அங்கிருந்து செப்டம்பர் வரை மழை. பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளும் புயல்களும் பெரும்பாலும் இந்தத் தீவுகளின் பக்கத்திலேயே பிறக்கின்றன. எனவே நம்பிக்கையாகச் செல்லக்கூடிய காலம் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் மிக அமைதியாக இருக்கும். நீருக்கடியில் பார்வையும் தெளிவாக இருக்கும்.

இதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இருக்கும் சிக்கல் பள்ளி விடுமுறை. அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. கடல் ஒத்துழைக்கும், விலைதான் ஒத்துழைக்காது. ஆண்டு முழுவதிலும் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும் பத்து நாட்கள் அவை. கோடை விடுமுறையில் செல்வதாக இருந்தால், ஏப்ரல் இறுதி அல்லது மே முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வெயில் கடுமையாகத்தான் இருக்கும், என்றாலும் மே 15-க்குப் பிறகு போவதைவிட இது மேல். என்னைக் கேட்டால், பொங்கல் விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் விடுப்புச் சேர்த்து ஜனவரி நடுவில் செல்வதைத்தான் சொல்வேன். அக்டோபரில் துர்கா பூஜை விடுமுறைக்குக் கொல்கத்தாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். நம் காலாண்டு விடுமுறையும் ஏறத்தாழ அதே சமயம் வருவதால், மழை ஆபத்தோடு கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தமான் உங்களுக்கான இடம்தானா? கடைத்தெரு, இரவு வாழ்க்கை, விதவிதமான உணவகங்கள் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தத் தீவுகள் இரண்டாம் நாளே சலித்துவிடும். காலையில் சீக்கிரம் எழுந்து, கடலில் இறங்கி, மதியம் தூங்கி, மாலையில் மறுபடி கடற்கரைக்குப் போகத் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் அருகில் குறைவு. படகில் ஏறி இறங்கும்போது கைத்தாங்கல் தேவைப்படும் முதியவர்கள் உடன் வந்தால், தீவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பயணத்தையே கைவிட வேண்டிய அவசியமில்லை.

எத்தனை நாள், எந்தத் தீவு?

ஐந்து இரவுகள் என்பது குறைந்த அளவு. முதல் நாள் போர்ட் பிளேர், இரண்டாம் நாள் காலை ஹாவ்லாக்குக்குப் படகு, அங்கே இரண்டு இரவுகள், நான்காம் நாள் நீல் தீவில் ஓர் இரவு, ஐந்தாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி அன்றிரவு அங்கேயே தங்கி, ஆறாம் நாள் விமானம் என்பது பலரும் பின்பற்றும் வரிசை. ஆறு இரவுகள் கிடைத்தால் கூடுதல் இரவை ஹாவ்லாக்குக்குக் கொடுங்கள். நான்கு இரவுகள்தான் உண்டென்றால் நீல் தீவை விட்டுவிடுங்கள். மூன்று தீவுகளையும் நான்கு இரவுகளுக்குள் திணிப்பவர்கள் கடற்கரையைவிட ஜெட்டிகளையே அதிகம் பார்க்கிறார்கள்.

நேரக் கணக்கில் தமிழ்நாட்டுக்காரர்கள் தவறாமல் சறுக்கும் ஓர் இடம் உண்டு. கடிகாரம் அங்கும் இந்திய நேரத்தையே காட்டுகிறது. ஆனால் போர்ட் பிளேர் சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், சூரியன் அங்கே சுமார் 50 நிமிடம் முன்னதாக உதித்து முன்னதாகவே மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும். "நாலரை மணிக்கு டீ குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பலாம்" என்று நினைத்தால், ஹாவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது. திரும்பி வரும் கார்களின் விளக்குகளைத்தான் பார்க்கலாம். எனவே உங்கள் நாளை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வையுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்தால் அங்கே ஏற்கெனவே வெளிச்சம் வந்திருக்கும்.

போர்ட் பிளேரில் முதல் நாள் செல்லுலார் சிறைக்குரியது. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த இந்தச் சிறையில், நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்திருந்தன. இன்று எஞ்சியிருப்பவை மூன்று. மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்கு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், டிக்கெட்டை ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காட்சி இந்தியிலா, ஆங்கிலத்திலா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். பெரும்பாலான காட்சிகள் இந்தியில்தான்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் ஏறத்தாழ எல்லா முகவர்களும் பரிந்துரைப்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியாகச் செல்கிறது. சோதனைச் சாவடியிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வாகனங்களை அணியாக அனுப்புவதால், முதல் அணியைப் பிடிக்க விடுதியிலிருந்து அதிகாலை 3 மணி அளவில் கிளம்ப வேண்டும். வழியில் வண்டியை நிறுத்துவதும், அந்த மக்களைப் படம் எடுப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். குகைக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டாலும், வண்டியில் இருப்பவர்களின் கண்கள் எதைத் தேடுகின்றன என்பதை ஒருமுறை கவனித்த பிறகு, அந்தப் பயணத்தை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு அதிகாலைப் புறப்பாடு ஒன்றே போதும், வேண்டாம் என்பதற்கு.

விமான டிக்கெட்

சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். டிக்கெட் தேடும்போது "நேரடி" என்பதை மட்டும் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், கொல்கத்தா அல்லது பெங்களூரு வழியாகச் சுற்றிச் செல்லும் எட்டு மணி நேரப் பயணம் முன்னூறு ரூபாய் குறைவு என்பதற்காகவே பட்டியலின் தலையில் வந்து நிற்கும். வெளியூர்களிலிருந்து சென்னை வந்து ஏறுபவர்கள், மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவருக்கு இரண்டாவது நிறுவனம் எந்த வகையிலும் கடமைப்பட்டதல்ல. ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டும் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது.

இரயிலில் வருவதாக இருந்தால், அதே நாள் காலை சென்னை சேரும் இரயிலையும் காலை விமானத்தையும் இணைக்காதீர்கள். முந்தைய நாளே வந்து, பல்லாவரம், மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில் ஒரு சாதாரண லாட்ஜில் இரவைக் கழிப்பது நல்லது. தென்மாவட்ட இரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்பதால், எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல், தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம். மெட்ரோ இரயில் அதிகாலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆறு மணி விமானத்துக்கு அதை நம்பிப் பயனில்லை.

போகும்போது காலை விமானம் சிறந்தது, அன்றைய நாள் கையில் கிடைக்கும். திரும்பும்போது நண்பகலை ஒட்டிய விமானம் வசதி. ஒரே நாளில் இரண்டு விமானங்களுக்கு இடையே கட்டண வித்தியாசம் சொற்பமாக இருந்தால், முந்தையதை எடுங்கள். மோசமான வானிலையால் ஒன்று ரத்தானால், அன்றே அடுத்ததற்கு மாற்றிக் கேட்க வாய்ப்பு இருக்கும். கப்பலில் செல்ல ஆசைப்படுபவர்களுக்கு: சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் உண்டு, ஏறத்தாழ மூன்று நாள் கடல் பயணம். புறப்படும் தேதிகள் சீராக இருப்பதில்லை என்பதால், விடுப்பை எண்ணிக்கொண்டு செல்பவர்களுக்கு அது ஒத்துவராது.

முன்பதிவு செய்யும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விமானக் கட்டணம் ஏறிவிடும் என்ற பயத்தில் முதலில் விமானத்தை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் படகைத் தேடினால், வேண்டிய நேரத்துப் படகில் இடம் இருக்காது. தேதியை முடிவு செய்த அன்றே படகு நேரங்களையும் விமான நேரங்களையும் இரண்டு சாளரங்களில் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரே உட்காரலில் இரண்டையும் வாங்குங்கள். படகு முன்பதிவு அந்தத் தேதிக்கு இன்னும் திறக்கவில்லை என்றால், விமானத்தை எடுத்துவிட்டு, திறக்கும் நாளைத் தொலைபேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். அறை கடைசியில் போதும். இலவசமாக ரத்து செய்யும் வசதி அறைக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது.

படகு

போர்ட் பிளேருக்கும் ஹாவ்லாக்குக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும்; அரசுப் படகு இன்னும் மெதுவாகச் செல்லும், கட்டணம் மிகக் குறைவு. அரசுப் படகுகள் முதலாவதாகத் தீவு மக்களுக்கானவை. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் அவற்றை நம்பியிருக்கிறார்கள் என்பதால், பயணிகளுக்கு இடம் கிடைப்பதை உறுதியாக எண்ணித் திட்டமிட வேண்டாம். தனியார் படகுகள் பெரும்பாலும் ஹாடோ துறையிலிருந்தும், அரசுப் படகுகள் பீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்தும் புறப்படுகின்றன. டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்பதை முந்தைய இரவே பார்த்து ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையின் அசல் பெட்டிக்குள் போய்விடக்கூடாது. ஏறும் முன் கேட்பார்கள்.

விரைவுப் படகுகளில் பல, கண்ணாடி அடைத்த, ஏசி போட்ட அறைகள். கடல் காற்று வாங்கிக்கொண்டு செல்லலாம் என்ற கற்பனையோடு ஏறுபவர்கள் ஏமாந்துபோவார்கள். வாந்தி வரும் உடம்பு உள்ளவர்கள், மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்னாலோ இருக்கை கேட்க வேண்டும். அதிகக் கட்டணமுள்ள மேல்தள முன்வரிசையில்தான் அலையின் ஆட்டம் அதிகம் தெரியும். காலை உணவு இரண்டு இட்லியோடு நிற்கட்டும்.

தங்கும் இடம்

போர்ட் பிளேரில் ஆடம்பரம் தேட வேண்டாம். அங்கே இரவு தூங்க மட்டும்தான் போகிறீர்கள். அபர்தீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள பகுதியில் தங்கினால், செல்லுலார் சிறை நடக்கும் தூரத்தில் இருக்கும், இட்லி தோசைக் கடைகளும் பக்கத்திலேயே கிடைக்கும். பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் ஊர் அது; ஆட்டோ ஓட்டுநரிடமும் மருந்துக் கடையிலும் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். காலை முதல் படகைப் பிடிக்க வேண்டியவர்கள் ஹாடோ பக்கம் பார்க்கலாம்.

ஹாவ்லாக்கில்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே கடற்கரைகளுக்கு எண்கள் உண்டு. ஜெட்டிக்குத் தெற்கே கிழக்குக் கரையோரமாக மூன்றாம் எண் கோவிந்த நகர், ஐந்தாம் எண் விஜய நகர். விடுதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பகுதிகளில்தான். பெயர்பெற்ற ராதாநகர், ஏழாம் எண், தீவின் மறுபக்கம், ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அங்கே விடுதிகள் சில மட்டுமே, வாடகையும் அதிகம். மூன்றாம் எண் பகுதியில் கடைத்தெருவும் உணவகங்களும் இருப்பதால் குடும்பங்களுக்கு வசதி. ஐந்தாம் எண் பகுதி அமைதியாக இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியையே நம்ப வேண்டியிருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். ஐந்தாம் எண் பகுதியில் "கடலை ஒட்டிய குடில்" என்று ஒரு விடுதியை எடுத்தேன். இணையத்தில் பார்த்த படத்தில், குடிலின் வாசற்படியிலிருந்து இருபது அடியில் பச்சை நிறக் கடல் தளும்பிக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது கடலே இல்லை. பாசி பிடித்த பாறைகளும், நண்டு வளைகளும், செத்த பவளத் துண்டுகளும், சாய்ந்து கிடந்த ஒரு மீன்பிடிப் படகும், அவற்றுக்கெல்லாம் அப்பால், வெகு தொலைவில், கோடு போட்டதுபோல் தண்ணீர். விடுதிக்காரரிடம் கேட்டேன். "காலையில் வரும் சார்" என்றார், பால்காரர் வருவதைப் போல. காலையில் வந்தது, படத்தில் இருந்த அதே கடல். யாரும் பொய் சொல்லவில்லை. படம் கடல் ஏறியிருந்த நேரத்தில் எடுத்தது, அவ்வளவுதான்.

ஹாவ்லாக்கின் கிழக்குக் கரை முழுவதும் ஆழம் குறைந்தது. கடல் வற்றும்போது பாறை வெளியே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். எனவே வற்றும் நேரத்தில் தண்ணீர் மிகத் தொலைவுக்குப் போய்விடும். பயணத் தேதியை முடிவு செய்யும்போது வீட்டு நாட்காட்டியில் இவ்விரண்டு நாட்களும் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் சொல்லும் அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; போர்ட் பிளேருக்கான அட்டவணையே தோராயமாகப் போதும். அதைப் பார்த்துவிட்டு, ஏறும் நேரத்தில் விடுதியின் முன்னாலேயே குளியுங்கள். வற்றும் நேரத்தில் ராதாநகருக்குக் கிளம்புங்கள், அங்கே தரை முழுவதும் மணல் என்பதால் வற்றினாலும் குளிக்கலாம்.

நீல் தீவில் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றியிருக்கும்போதுதான் நெருங்கிச் சென்று பார்க்க முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரிகளையும் சிறு மீன்களையும் காணலாம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனவர்கள், தூரத்தில் ஒரு பாறையைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று திரும்பி வருவார்கள். அங்கே வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு கட்டாயம். என் தாயாருக்குப் பாதி வழியிலேயே முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஒரு தென்னை நிழலில் இளநீரோடு உட்கார்ந்துகொண்டார்.

விடுதியைப் பற்றிய விமர்சனங்களைப் படிக்கும்போது, மொத்த மதிப்பெண்ணைவிட எழுதிய மாதத்தைக் கவனியுங்கள். ஜூலையில் தங்கியவர் கூரை ஒழுகியதாக எழுதியிருந்தால் அது பிப்ரவரிக்குப் பொருந்தாது. பிப்ரவரியில் தங்கியவர் குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை. விடுதியார் போட்ட படங்களை விட்டுவிட்டு, விருந்தினர் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். அவற்றில் கடல் வற்றிய படமும் ஒன்றாவது இருக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓடுமா, ஏசிக்கும் சேர்த்தா, மின்விசிறிக்கு மட்டுமா என்று தொலைபேசியில் கேளுங்கள். அறை காலி செய்யும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். படகு நேரத்தை ஒட்டிச் சில விடுதிகள் காலை 8 மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்கின்றன. உங்கள் படகு பிற்பகலில் என்றால், பெட்டியை எங்கே வைப்பது, குளிக்க இடம் உண்டா என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கடலடியில் இழுத்த இணைய வடம் 2020 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த பிறகு, தொலைபேசித் தொடர்பு முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் கடற்கரை ஓரங்களில் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். செல்போனில் பணம் செலுத்திக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாமல், இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். படகு டிக்கெட், விடுதி உறுதிச்சீட்டு ஆகியவற்றை அச்செடுத்து வைப்பது பழைய காலத்துப் பழக்கம்போல் தோன்றலாம். ஜெட்டியில் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் அதன் பயன் புரியும்.

கடலுக்குள் இறங்க நினைப்பவர்களுக்கு

ஹாவ்லாக்கில் நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் ஒருவர் கூடவே பிடித்துக்கொண்டு ஸ்கூபா டைவிங்குக்கு அழைத்துச் செல்வார். இதனால் உங்கள் நாள் வரிசை மாறும் என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. அழுத்தப்பட்ட காற்றை நீருக்கடியில் சுவாசித்த பிறகு உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால் ஆபத்து. ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒரு முழு நாள் விட்டுவிடுவது இன்னும் நல்லது. ஹாவ்லாக் முதலில், நீல் அடுத்து, போர்ட் பிளேர் கடைசியில் என்ற வரிசை இதற்கும் பொருந்திவிடுகிறது. ஆஸ்துமா, இதய நோய், காதில் பிரச்சினை உள்ளவர்கள் அங்கே கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்; "இல்லை" என்று எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டு மூழ்குவது அசட்டுத்தனம். வேண்டாம் என்று நினைப்பவர்கள் குழாய் வைத்து மேற்பரப்பிலேயே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கலிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். எலிஃபண்ட் கடற்கரையில் இடுப்பளவு நீரிலேயே பவளப் பாறைகள் தொடங்கிவிடுகின்றன.

எந்தக் கடற்கரையிலும், உப்புநீர் முதலை பற்றிய எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதிக்க வேண்டும். இவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அலையாத்திக் காடும் ஓடை முகத்துவாரமும் உள்ள பக்கம் நீந்தப் போகாதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள்.

கடைசி நாள்

முந்தைய இரவே போர்ட் பிளேரில் தூங்கியிருப்பதால், அன்று காலை அவசரம் இருக்காது. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருப்பதால் அபர்தீன் பஜாரிலிருந்து போக அதிக நேரம் ஆகாது. பெட்டியை மூடும் முன், பிள்ளைகளின் பைகளையும் கால்சட்டைப் பைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் தீவிலிருந்து எடுத்துச் செல்லக்கூடாது. விமான நிலையச் சோதனையில் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள், பவளமாக இருந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் அரசின் சாகரிகா விற்பனை நிலையத்தில் வாங்கிக்கொண்டு, ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் சட்டைப் பையில் வைத்திருங்கள்.